கடைசிக் கை

அவள் இறந்த அன்று ஷாஃப்ட் பட்டறையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒருவர் மற்றவரிடம் கேட்டது, உள்ளே கிடத்தியிருந்தவளின் தலைமாடு வரைக்கும் கேட்டது.

"அந்த லிஃப்ட் விவகாரத்துல மாட்டினது இவங்கதானே?"

"இவங்கதான். மெதுவாப் பேசுப்பா."

"மெதுவாத்தானே பேசறேன்."

பாதி ஆயுளை அந்தப் பட்டறையில் நின்றே கழித்த ஒரு பெண்ணைப் பற்றி அங்கிருந்து வந்தவர்களிடம் மிச்சமிருந்தது இது ஒன்றுதான். ஓர் ஆளைக் கொன்ற ஷாஃப்ட்டில் கடைசியாகக் கை வைத்தவள். வைத்தாளா என்று அவர்கள் கேட்கவில்லை. அவள் உயிரோடு இருந்தபோதும் அதை ஒழுங்காகக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவருக்குக் கிடைத்த பதிலும் அவளைக் காப்பாற்றவில்லை.

பட்டறையில் அவளுக்கு 'வழவழக்கா' என்று பெயர். உள்ளே வந்த புதிதில் இரும்பைக் கடையும் லேத்துகளின் அடியில் குவியும் இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளுவதுதான் வேலை. சுருள் கூர்மையானது, சூடானது, கையுறை கேட்டால் "பூப்பறிக்கவா வந்தே?" என்பார் ஃபோர்மேன். பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர் வேறு இடம் தேடிப் போனபோது, ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி அவளை அந்த மேசையில் நிறுத்தினார்கள். ஆளே தேடவில்லை. அவளும் நினைவூட்டவில்லை.

வேலை பார்க்க எளிதாகத் தெரியும். இயந்திரத்துக்குள் சுழலும் தண்டுதான் ஷாஃப்ட்; ஆனால் ஒரே கனத்தில் ஓடும் தடி இல்லை. அதைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் வளையம் உட்கார வேண்டிய இடத்தில் மெலியும், நடுவில் தடிக்கும். தடித்த உடம்பு மெலிந்த உடம்பாக இறங்கும் இடத்துக்குப் படி என்று பெயர். அந்தப் படி சுவரும் தரையும் சந்திப்பது போலச் செங்குத்தாக இறங்கக் கூடாது. குழந்தையின் கழுத்து தோளில் இறங்குவது போல ஒரு சின்ன வளைவோடு இறங்க வேண்டும். லேத்தின் உளி அந்த வளைவை வெட்டிவிட்டுப் போகும்போது நுண்ணிய கோடுகளை விட்டுப்போகும். முனை மழுங்கிய குச்சியில் சொரசொரப்பான எமரித்தாளைச் சுற்றி அந்தக் கோடுகளை அழிப்பது அவள் பாடு. ஏன் அழிக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பார்வைக்கு நன்றாக இருப்பதற்காக என்றுதான் அவள் வெகுகாலம் நினைத்திருந்தாள். நன்றாகவும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடித்த ஒவ்வொருவரும் ஷாஃப்ட்டின் முகப்பில் தன் நிறத்தில் ஒரு பெயின்ட் புள்ளி வைக்க வேண்டும். அறுத்தவர் வெள்ளை, கடைந்தவர் நீலம், கடைசியாக அவள் மஞ்சள். எதிலாவது குறை என்று திரும்பி வந்தால் கடைசிப் புள்ளி யாருடையது என்று மட்டும் பார்ப்பார்கள். முன்னால் இருந்தவர் என்ன கூத்தடித்திருந்தாலும் அதைப் பார்த்து வாங்கிக்கொண்டு மேலே அனுப்பியது கடைசி ஆள்தானே என்பது முதலாளியின் நியாயம். 'கடைசிக் கை' என்பார்கள். அந்தப் பெயர் தங்கள்மேல் விழாமல் மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள். அவளுக்கு மட்டும் அதில் ஒரு பெருமை இருந்தது. சுருள் அள்ள வந்தவளின் நிறம் இல்லாமல் ஒரு ஷாஃப்ட்டும் வாசலைத் தாண்டாது.

பிறகு மூலைக்காரர் வந்தார்.

வேறு பட்டறையிலிருந்து முதலாளியே போய் அழைத்துவந்த லேத் ஆள். அவர் வெட்டிய மூலையில் ஈ உட்கார்ந்தால் கால் அறுந்துபோகும் என்று பாகங்களைப் பொருத்தும் ஃபிட்டர்கள் சொல்வார்கள். வளைவு என்றாலே அவருக்கு இளக்காரம். "உளி பிடிக்கத் தெரியாதவன் கண்டுபிடிச்சது வளைவு" என்பார். ஆனாலும் வரைபடத்தில் இருந்ததால் வெட்டினார். அவர் வெட்டிய ஷாஃப்ட்டுகள் நேராக அவளிடம் வந்தன. நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் சேர்ந்துகொண்டே இருந்தது. ஒருநாள் ஃபோர்மேன் இருவரையும் நிறுத்தி, "ரெண்டு பேரும் ஒரே ஷாஃப்ட்டுலதான் பொழைக்கிறீங்க. ஒரே வீட்டுல பொழைச்சா வாடகையாவது மிஞ்சும்" என்றார். பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கல்யாணத்தை முடித்துவைத்தார்கள்.

மூலைக்காரர் குடிக்கவில்லை, கை நீட்டவில்லை. அதனால் அக்கம்பக்கத்தில் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவள் மடித்துவைத்த சட்டையை எடுத்து விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். உதறிக் கீழே போட்டு, "மறுபடி" என்பார். படுக்கை விரிப்பின் நான்கு மூலையும் கத்தியால் சீவியது போல இருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் படுத்த பிறகு எழுப்பி மறுபடி விரிக்கச் சொல்வார். குரல் உயராது. மகள் பிறந்து பேச ஆரம்பித்தபோது அவள் முதலில் பழகிய சொற்களில் ஒன்று 'மறுபடி'. பட்டறையிலும் அவள் முடித்துவைத்த வளைவின் மேல் எல்லோரும் பார்க்க நகத்தை ஓட்டி, "பாத்திரம் தேய்க்கிற கை" என்று அடுத்த வேலைக்குத் திரும்புவார். அது நன்றாக இருக்கிறது என்பதற்கு அவரிடம் அதற்கு மேல் வார்த்தை கிடையாது என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒவ்வொன்றும் அற்பமான விஷயம். எதைப் பற்றியும் வெளியே போய்ச் சொல்ல முடியாது. "சட்டையை மறுபடி மடிக்கச் சொன்னார்" என்று யாரிடம் போய் அழுவது? அவளுக்கு வீட்டை விட்டால் அந்த மேசை. மேசையில் நிற்கும் நேரத்தில் 'மறுபடி' கிடையாது. இந்தக் கதையில் அவளுக்கு இழக்க இருந்தது அந்த மேசை மட்டும்தான். அதை அவர் அறிந்திருந்தார்.

சரக்கு லிஃப்ட் செய்யும் ஒரு கம்பெனியிடமிருந்து பெரிய ஆர்டர் வந்தது. ஷாஃப்ட் மெலிதாக இருக்க வேண்டும், பாரம் பழையபடியே தாங்க வேண்டும். அதனால் புது எஃகு வந்தது; சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்தியது. பழைய இரும்பைவிட இரண்டு மடங்கு பலம் என்றார் ஃபோர்மேன். இரண்டு ஷாஃப்ட்டை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். கோயில் மணி போல ஒலித்தது. இது உடைய வேண்டுமென்றால் உலகம் உடைய வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தகராறு பேரிங்கில் வந்தது. அதன் உள்வளையம் படியில் போய் ஒட்டி உட்கார வேண்டும். புது பேரிங்கின் விளிம்பு கூர்மை. வளைவின் மேல் ஏறி நின்றுகொண்டு உள்ளே போக மாட்டேன் என்றது. இடையில் ஒரு மெல்லிய வளையம் போட்டால் தீர்ந்திருக்கும். அதற்கு லிஃப்ட் கம்பெனியிடம் கேட்க வேண்டும், வரைபடத்தைத் திருத்த வேண்டும், நாளாகும். ஃபிட்டர் வந்து மூலைக்காரரிடம் நின்றார்.

"அண்ணே, வளைவை எடுத்துட்டு மூலையாவே வெட்டிக் குடுங்களேன். பேரிங் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வாசல்லயே நிக்குது."

மூலைக்காரர் ஃபோர்மேனைப் பார்த்தார். ஃபோர்மேன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "பேரிங் உக்காந்தா சரி" என்றார்.

அவர் உளியைக் கூராகத் தீட்டி, வாழ்க்கையிலேயே அழகான மூலைகளை வெட்டினார். பேரிங் போய் ஒட்டியது. இடையில் வெளிச்சம் கூட நுழையவில்லை. ஃபிட்டர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாதி கேலி, பாதி நிஜம்.

அவளுடைய குச்சி அந்த மூலைக்குள் நுழையவில்லை. தேய்க்க வளைவே இல்லை.

"உனக்கு இனிமே என்ன வேலை?" என்றார் ஃபோர்மேன், தற்செயலாகக் கேட்பது போல. "அந்த மேசையை எடுத்துட்டா ஒரு டிரில்லிங் மெஷின் போடலாம். கூட்டிப் பெருக்கறவங்க ஒருத்தர் நின்னுட்டாங்க. யோசிச்சுச் சொல்லும்மா."

யோசிக்க அவளுக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. மேசைக்கு வந்த ஷாஃப்ட்டை எடுத்தாள். துணியால் எண்ணெயைத் துடைத்தாள். தூரிகையை மஞ்சளில் தொட்டு, முகப்பில் புள்ளி வைத்து அடுக்கினாள். அடுத்ததையும் அப்படியே. பெருமையின் மீது வைத்த புள்ளிதான் இதுவரை. இப்போது வைத்தது பயத்தின் மீது. மஞ்சள் இல்லாமல் ஷாஃப்ட் வெளியே போனால், மஞ்சள் தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மூலைக்காரர் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்.

"தொடாமலே புள்ளி வைக்கிறியா?"

அவள் அடுத்த ஷாஃப்ட்டை எடுத்துத் துடைத்தாள்.

"வை, வை. புருஷன் வேலையில பேர் வாங்கறது புதுசா என்ன?"

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதைப் பெரிய மனசு என்று அவள் எடுத்துக்கொண்டாள். அன்று வீட்டில் சட்டையை அவர் உதறிப் போட்டபோது மறுபேச்சில்லாமல் மறுபடி மடித்தாள்.

மழைக்காலம் ஒன்று போய் வெயில் வந்தது. ஒரு கிடங்கில் சரக்கு லிஃப்ட்டைத் தூக்கும் ஷாஃப்ட் முறிந்து கூண்டு கீழே வந்தது. அடியில் மூட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு சுமைகாரர் செத்துப்போனார். அன்று கூண்டில் வழக்கத்தை விடக் குறைவான பாரம்தான் இருந்தது என்பதைப் பட்டறையில் யாராலும் நம்ப முடியவில்லை.

லிஃப்ட் கம்பெனியின் பரிசோதகர் ஜலதோஷத்தோடு வந்தார். ஒரு கையில் கைக்குட்டை, மறு கையில் சாக்கு. சாக்கிலிருந்து ஷாஃப்ட்டின் இரண்டு துண்டுகளை எடுத்து ஃபோர்மேனின் மேசைமேல் வைத்தார். முறிவு சரியாகப் படியின் மூலையில். பட்டறை ஓய்ந்து எல்லோரும் கூடி நின்றார்கள்.

"இது அன்னிக்கு உடையல" என்றார் பரிசோதகர். "உடைய ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. இந்த வரியெல்லாம் பாருங்க."

முறிந்த முகத்தில் விளிம்பிலிருந்து உள்ளே, சிப்பி ஓட்டில் இருப்பது போல வரிவரியாக வளைந்து போயிருந்தது. பெரும்பகுதி வழவழப்பாகவே இருந்தது. ஓரமாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு, சொரசொரப்பான சாம்பல் நிறம்.

"சுத்தறப்போ ஷாஃப்ட்டோட தோல் ஒரு தடவை இழுபடும், ஒரு தடவை அமுங்கும். மூலைன்னு இருந்தா அந்த இழுவை மொத்தமும் அங்க போய்க் குவியும். மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விடும். அப்புறம் சுத்தச் சுத்த அது உள்ள போயிட்டே இருக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. வளையாது, சத்தம் போடாது. இந்தச் சொரசொரப்பு இருக்கே, கடைசில மொத்தப் பாரத்தையும் தாங்கிட்டு இருந்தது இவ்வளவுதான்." தும்மினார். "அதுவும் போச்சு."

"எங்க பழைய ஷாஃப்ட் எதுவும் இப்படி உடைஞ்சதில்லையே சார்" என்றார் ஃபோர்மேன். "இது டபுள் கெட்டி."

"கெட்டியா இருக்கறதுதான் சங்கடம். பழைய இரும்பு மெத்து. மூலையில இழுவை ஏறினா லேசா நெளிஞ்சு பக்கத்துல பங்கு போட்டுக்கும். இது நெளியாது. எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்கு ஒரு கீறலைக்கூட மன்னிக்காது. சரி, வரைபடத்துல வளைவு இருக்கு. இங்க மூலை இருக்கு. யாரு?"

ஃபோர்மேன் ஒரு துண்டை எடுத்து, முகப்பைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தார். வெள்ளை, நீலம், மஞ்சள்.

"எங்க பட்டறையில கடைசிக் கைதான் சார் கணக்கு" என்றார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் துண்டின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு அடிபட்டும் அது இன்னும் கூராக இருந்தது.

"நான் அதைத் தொடல" என்றாள்.

"அப்ப இந்த மஞ்சள்?"

"என்னோடதுதான்."

"தொடாம எப்படிம்மா புள்ளி வெச்சே?" ஃபோர்மேனின் குரலில் அப்படியொரு கனிவு. "தொட்டிருந்தா தப்பு. தொடாம வெச்சிருந்தா பித்தலாட்டம். ரெண்டுல எது வேணும்னு நீயே சொல்லு."

பின்னாலிருந்து ஒரு ஃபிட்டர் சிரித்தார். பேரிங்கை மாப்பிள்ளை என்று சொன்னவர்தான்.

அப்போது மூலைக்காரர் வாயைத் திறந்தார். "பயத்துல உளர்றா சார். வளைவு நான் ஒழுங்காத்தான் வெட்டினேன். இவ தேய்ச்சுத் தேய்ச்சு மூலையாக்கிட்டா."

பரிசோதகர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "தேய்ச்சா வளைவு மூலையாகுமா?"

"கை தெரியாதவ தேய்ச்சா எதுவும் ஆகும் சார்."

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். எமரித்தாள் மூலையை மழுக்கும். மழுங்கியதை ஒருநாளும் கூராக்காது. மூட்டைப்பூச்சி அளவு மூளை இருப்பவருக்கும் விளங்கும். ஆனால் அந்தப் பொய்யில் எல்லோருக்கும் ஒதுங்க ஓர் இடம் இருந்தது. கேட்டு வாங்கிய ஃபிட்டருக்கு இருந்தது, வேறெங்கோ பார்த்த ஃபோர்மேனுக்கு இருந்தது. பரிசோதகருக்கும் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ரிப்போர்ட் அனுப்பறோம்" என்று துண்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்.

அவளை அன்றே அனுப்பிவிட்டார்கள். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கழுவி வைத்தாள்.

வீட்டில் அவர் எதுவும் நடக்காதது போலச் சாப்பிட்டார். மகள்தான் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அப்பா, அம்மாவாலயா அந்த ஆள் செத்தாரு?"

"வேணும்னு செய்யலை" என்றார். "அம்மாவுக்குக் கை பத்தாது. உனக்குத்தான் தெரியுமே."

மகளுக்குத் தெரியும். சட்டைகளைப் பார்த்தே வளர்ந்தவள்தானே. அதன்பிறகு வெகுநாள் அவள் அம்மா கையால் தலை வாரிக்கொள்ளவில்லை. தானே வாரிக்கொண்டாள், கோணலாக.

ஒரு சாயங்காலம் செத்துப்போனவரின் அக்கா வந்தாள். பட்டறையில் விசாரித்தபோது வாசல் காவலாளியே வீட்டுக்கு வழி சொல்லியிருந்தார். உயரமானவள், மாவு மில்லில் வேலை, முன்கை மயிரெல்லாம் மாவு. வாசற்படியைத் தாண்டவில்லை.

"உக்காருங்கம்மா" என்று மூலைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "நீதானா?" என்றாள் வழவழக்காவிடம். "கையைக் காட்டு."

காட்டினாள். இரண்டையும் விரித்து, மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. விரல் நுனிகளில் எமரி தேய்த்த கறுப்பு இன்னும் போகவில்லை.

"சின்னக் கைதான்" என்றாள் வந்தவள். "எந்தம்பி கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே மிஞ்சல. இந்தக் கையால எப்படிப் பிசைஞ்சு திங்கிறே?"

மூலைக்காரர், "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். வந்தவள் போய்விட்டாள். நாற்காலியை அவர் எடுத்து, சுவரோடு ஒட்டி, நேராக வைத்தார்.

ரிப்போர்ட் வந்தது அவளுக்குத் தெரிந்தது வேறு விதமாக. ஒரு விடுமுறை நாள். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று, உப்பு எங்கே என்று கேட்பது போலக் கேட்டார்.

"எமரில எந்த நம்பர் முதல்ல போடுவே?"

அவள் கை நின்றது. "எதுக்கு?"

"வளைவுதான் வேணுமாம். எல்லா ஷாஃப்ட்டுலயும். பேரிங்குக்கு இடையில வளையம் போட்டுக்குவாங்களாம். பாலிஷும் போடணுமாம்."

"மூலைதான் காரணம்னு எழுதியிருக்காங்களா?"

"என்னமோ எழுதியிருக்காங்க."

"என்னைப் பத்தி?"

"உன்னைப் பத்தி எழுத நீ யாரு?" நிஜமாகவே வியந்தார். "கவர்னரா?"

"அப்ப என் மேசை?"

"அங்க டிரில்லிங் மெஷின் நிக்குது. நான்தான் இனிமே தேய்ச்சுக் குடுக்கணும். அதான் கேக்கறேன்."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "முன்னாடி போன ஷாஃப்ட்டெல்லாம்?"

"திரும்பி வருது. படியைப் பின்னால தள்ளி வளைவு வெட்டி மறுபடி போகணும்."

மறுபடி. அந்தச் சொல்லை அவர் தனக்காகச் சொல்லிக்கொண்டதை அவள் முதன்முதலாகக் கேட்டாள். அதை அனுபவிக்க அவகாசமில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு சங்கதி அவருக்குத் தெரியாது. ஷாஃப்ட்டைச் சுழலவிட்டுத் தேய்த்தால் பளபளப்பு சீக்கிரம் வரும். ஆனால் கீறல்கள் சுற்றுவட்டத்தில் விழும். கடைசியாக மெல்லிய எமரியால் நீளவாக்கில் இழுத்து அவற்றைக் கொல்ல வேண்டும். முன்பு அழகுக்காகச் செய்தாள். சிப்பி வரிகளைப் பார்த்த பிறகு எதற்கென்று புரிந்தது: சுற்றி ஓடும் ஒரு கீறலும் விரிசல் பிடிக்கும் மூலைதான். சொல்லாமல் விட்டால் அவர் சுழலவிட்டுத் தேய்ப்பார், கண்ணாடி போல இருக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். நீலப் புள்ளி கடைசியில் இருக்கும். எப்போதாவது ஒரு நாள் எங்கேயாவது ஒரு கூண்டு கீழே வரும். அப்போது கடைசிக் கை அவருடையது.

நினைத்துப் பார்த்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் அது அவளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கூண்டுக்கு அடியில் யார் நிற்பார்கள் என்பதில்தான் அவள் நினைப்பு தடுக்கியது. அவர் நிற்க மாட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியின் இரும்புக் காலைக் காட்டி, துணியைச் சுற்றி, எங்கே ஆரம்பிக்க வேண்டும், எப்போது தாளை மாற்ற வேண்டும், எப்போது அழுத்தத்தை விட வேண்டும் என்று சொன்னாள். அவர் செய்தார். "சுத்தி இல்லை" என்று அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். "கடைசில நீளவாக்குல. எண்ணெய் விட்டு. நகத்தை ஓட்டிப் பாருங்க."

அவர் இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே போட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா அத்தனை வருஷம் நின்னே?"

கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் எல்லாவற்றையும் கேட்டாள். அப்பா வெளியே போனதும் எழுந்து வந்தாள். "அப்ப நீ இல்லையாம்மா?" என்றாள். அவள் மறுபடி வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

மறுநாள் மாவு மில்லைத் தேடிப் போனாள். மெஷின் சத்தத்தில் பேச முடியாது என்று அந்த அக்கா பின்பக்கச் சந்துக்கு வந்தாள். வழவழக்கா நின்றபடியே சொல்லிமுடித்தாள். மூலை தன் புருஷன் வெட்டியது. ஃபோர்மேனுக்குத் தெரியும், ஃபிட்டருக்குத் தெரியும். தான் அந்த ஷாஃப்ட்டைத் தேய்க்கவே இல்லை. மேசை போய்விடுமே என்று தேய்த்ததாகப் புள்ளி மட்டும் வைத்தாள். ரிப்போர்ட்டிலும் மூலைதான் காரணம் என்று வந்துவிட்டது.

அந்த அக்கா முழுவதும் கேட்டாள். குறுக்கே பேசவில்லை. அப்படி அவள் பேச்சை யாரும் முழுதாகக் கேட்டதில்லை; அதனால் பேசி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"படத்துல வளைவு போட்டிருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உன்கிட்ட வந்தது மூலைன்னு?"

"தெரியும். குச்சி உள்ள போகலையே."

"நீ புள்ளி வைக்கலன்னா?"

அவள் யோசித்தாள். "நிறுத்தி வெச்சிருப்பாங்க. மஞ்சள் இல்லாம வெளிய போகாது. ஏன் வைக்கலன்னு கேட்டிருப்பாங்க."

"கேட்டிருந்தா?"

"மூலைன்னு சொல்லியிருப்பேன்."

அந்த அக்கா முன்கை மாவைத் தட்டிக்கொண்டாள். கோபமே இல்லை, கணக்குச் சரிபார்த்தவள் போல இருந்தாள்.

"அப்ப நீதான்" என்றாள். "உன் புருஷனும்தான். அந்த ஃபோர்மேனும்தான். ஆனா அவங்க யாரும் வரல. நீதான் வந்திருக்கே."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மில் ஓடும் சத்தத்தில் கதவு சாத்தியது கேட்கவில்லை. வழவழக்கா சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த காலிச் சாக்குகளை மிதித்துவிடாமல் ஒதுங்கி, வந்த வழியே வீட்டுக்கு நடந்தாள். அந்த விஷயத்தைப் பற்றி அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் அவள் மறுத்துப் பேசவில்லை.